பொங்கலுக்குப் பிறகு வந்த காய்ச்சல்: வால்பாறை எலிக் கணக்கெடுப்பில் ஒரு நிகழ்வு

ஆனைமலைப் பகுதியில் சிறு பாலூட்டிகளை ஆய்வு செய்துவந்த ஒரு குழுவில், பருவ வேலை முடிந்த பிறகு ஒருவருக்கு ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் வந்தது. சிக்கர் என்னும் மிகச் சிறிய உண்ணி கடிப்பதால் வரும் பாக்டீரியா காய்ச்சல் அது. வேலையை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவனாக இதைப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்துடன் எழுதியது. பெயர்களும் அடையாளம் காட்டும் விவரங்களும் இல்லை.

பின்னணி

வால்பாறை மேட்டில் தேயிலைக்கு நடுவே மழைக்காடு திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். இந்தத் துண்டுக் காடுகளில் சோலைமந்தியையும் இருவாச்சியையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எலி பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் தரையில் விழுந்த விதையைத் தின்பதும், மிச்சத்தைப் புதைத்து மறப்பதும், ஆந்தை, பாம்பு, மரநாய் எல்லாவற்றுக்கும் இரையாவதும் எலிகளும் மூஞ்சூறுகளும்தான். காட்டின் உள்ளே எந்த இனம் இருக்கிறது, தேயிலையை ஒட்டிய ஓரத்தில் எது இருக்கிறது, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றித் திரியும் எலி காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த வேலையை வருடம் முழுக்கச் செய்ய முடியாது. ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. அலுமினியப் பொறிக்குள் மாட்டிய சிறு விலங்கு ஈரத்தில் நனைந்தால் விடிவதற்குள் விறைத்துச் செத்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையின் மிச்சம் இருக்கும். எனவே டிசம்பரில் தொடங்கி, பொங்கலுக்கு ஒரு இடைவெளி விட்டு, மார்ச் வரை பொறி வைப்பது வழக்கம். வனத்துறை அனுமதியும், தோட்ட எல்லைக்குள் வரும் இடங்களுக்கு நிர்வாகத்தின் சம்மதமும் இருந்தன.

குழுவில் ஆராய்ச்சி மாணவர்களும், உள்ளூரைச் சேர்ந்த கள உதவியாளர்களும், பொறி சுமக்கத் தினக்கூலிக்கு வரும் இளைஞர்களும் இருந்தார்கள். காய்ச்சல் வந்தவர் மாணவிகளில் ஒருவர். இருபதுகளின் நடுவில் இருப்பவர், வேறு நோய் எதுவும் இல்லாதவர், சமவெளியில் ஒரு ஆற்றோரக் கிராமத்துக்காரர்.

களத்தில் வேலை நடந்த விதம்

சாயங்காலம் பொறிகளை வரிசையாக வைப்போம். வேர்க்கடலை வெண்ணெயில் ஓட்ஸைப் பிசைந்து உருட்டிய இரை, மூஞ்சூறுக்காகக் கொஞ்சம் கருவாட்டுத் தூள், குளிருக்கு ஒரு பிடி பஞ்சு. விடிந்ததும் போய்ப் பார்ப்போம். கதவு மூடியிருந்தால் பொறியின் வாயில் துணிப்பையை மாட்டிக் கவிழ்த்து, விலங்கைப் பைக்குள் விழவைத்து, ஸ்பிரிங் தராசில் எடை பார்த்து, வால், பின்னங்கால், காது ஆகியவற்றின் நீளம் அளந்து, அடையாளம் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். அதிகம் கிடைத்தது கருப்பு எலியின் காட்டு வகைதான். வயிறு வெளுப்பாக இருக்கும். மரக்கிளையில் கட்டிய பொறிகளில் எப்போதாவது மலபார் ஸ்பைனி டார்மவுஸ் என்னும், மரத்தில் வாழும் சிறு கொறிவிலங்கு மாட்டும். முதுகு மயிரில் முள் கலந்திருக்கும், வால் நுனி குஞ்சம் கட்டியிருக்கும். அது மாட்டிய நாளில் வேலை கொஞ்சம் தாமதமாகும், எல்லோரும் ஒரு முறை பார்க்க வேண்டுமே.

தரவுத் தாளில் ஒட்டுண்ணிகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. எலியின் காது மடலை விரலால் மெல்லப் பிரித்தால், உட்பக்க மடிப்பில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு கால். இவைதான் சிக்கர்கள், அதாவது ட்ராம்பிகுலிட் என்னும் சிற்றுண்ணிகளின் இளம்பருவம். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூடத் தேறாது. ஓரப் பொறிகளில் பிடிபட்ட எலிகளின் காதில் இவை அதிகமாகவும், காட்டின் உள்ளே குறைவாகவும் இருந்ததைத் தாள்கள் காட்டுகின்றன. அந்தக் கட்டத்தை நிரப்பியதில் பாதிக்கு மேல் இந்த மாணவியின் கையெழுத்து.

அதை எப்படி உட்கார்ந்து நிரப்பினோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஓரத்தில் லாண்டனா புதரும் இடுப்பளவுப் புல்லும் மண்டியிருக்கும். பொறி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்து அளப்பது எல்லாக் குழுக்களிலும் உள்ள பழக்கம்தான். விலங்கை அதிக நேரம் கையில் வைத்திருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பதால் வந்தது.

இன்னொன்று, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி காலில் ஏறாமல் இருக்கப் போடும் அட்டை சாக்ஸ். மழை மாதங்களில் வால்பாறைக் காட்டுக்குள் போகிற யாரும் அது இல்லாமல் போவதில்லை. முழங்கால் வரை நெருக்கமான துணி, பேன்ட் அதற்குள் செருகியிருக்கும். டிசம்பர் கடைசியில் தரை காய்ந்து அட்டை குறைந்ததும் சாக்ஸைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். வியர்க்கும், நடக்க இடைஞ்சல், எதற்கு என்று. தமிழ்நாட்டில் ஸ்கரப் டைபஸ் அதிகம் பதிவாவது மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில்தான். கண்ணுக்குத் தெரிகிற அட்டை போன கையோடு, தெரியாத சிக்கருக்கும் தடையாக இருந்த துணி காலைவிட்டுப் போயிருந்தது.

ஊருக்குப் போன பிறகு

போகிக்கு முன்பே பொறிகளைக் கழுவிக் கட்டிவைத்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். மாணவியும் ஆழியாறு வழியாக இறங்கி ஊருக்குப் போனார். காணும் பொங்கல் கழிந்த மறுவாரம் காய்ச்சல் தொடங்கியது. நல்ல சூடு, நெற்றியைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி. முதல் இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் ஒரு மருத்துவரிடம் போனார்கள். அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் டெங்கு இருந்ததால் அதற்கும் மலேரியாவுக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. இரண்டும் இல்லை. செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று மருத்துவர் கேட்டபோது, "படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள்" என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையும்கூட. அதிலிருந்து காட்டோரப் புல்லையும் எலியையும் யாரும் ஊகிக்க முடியாது.

செஃபிக்சிம் இந்த நோய்க்கு வேலை செய்யாது. காரணமான ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா நம் உயிரணுக்களுக்குள்ளேயே இருந்து பெருகுவது. பென்சிலினும் செஃபிக்சிம் போன்ற அதன் உறவு மருந்துகளும் தாக்குகிற மாதிரியான செல்சுவர் அதற்குக் கிடையாது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்காமல் வாந்தியும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போயிருந்தன, கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தன. இதைப் பார்த்தால் யாருக்கும் டெங்குதான் தோன்றும். முதல் பரிசோதனை தவறவிட்டிருக்கலாம் என்று மறுபடியும் அதற்கே ரத்தம் அனுப்பினார்கள்.

ஒரு தொலைபேசி அழைப்பு

தரவைக் கணினியில் ஏற்றும் வேலை மாணவியிடம் இருந்தது. காய்ச்சலால் தாமதமாகும் என்று குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். நாங்கள் நாலைந்து பேர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்தோம். மூத்த கள உதவியாளர் மட்டும் அன்று ராத்திரியே அவருக்குப் போன் போட்டார். அவருடைய மனைவி தேயிலை பறிக்கிறவர், முன்பு ஒரு வருடம் இதே மாதிரி காய்ச்சலில் கிடந்து தோட்ட ஆஸ்பத்திரியில் குணமானவர்.

"ஏம்மா, உடம்பு பூரா பார்த்தியா?" என்று கேட்டிருக்கிறார். "சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதான் தெரியாது. துணி இறுக்கிப் பிடிக்கிற இடத்துல பாரு. அம்மாகிட்ட சொல்லிப் பார்க்கச் சொல்லு."

"இல்லண்ணா, அப்படி ஒண்ணும் இல்ல" என்றுதான் மாணவி முதலில் சொன்னார். கைகால்களில் எதுவும் இல்லை. பிறகு அம்மா பார்த்தார். முதுகுப் பக்கம், உள்ளாடைப் பட்டை படும் கோட்டில், விலா எலும்பை ஒட்டி ஒரு புண். மிளகளவு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டியிருந்தது. ஐந்து நாளாகக் குளித்தும் உடை மாற்றியும் அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு முறை மருத்துவரிடம் போயும் சட்டையை விலக்கிப் பார்க்கும் சந்தர்ப்பம் வரவில்லை. இந்தப் புண் அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில், அதுவும் ஒரு பெண்ணுக்கு, அது தவறிப்போவது எளிது. எல்லா நோயாளிக்கும் புண் வருவதும் இல்லை. இல்லாவிட்டால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

சிகிச்சை

மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தோம்: டிசம்பர் முதல் பொங்கல் வரை வால்பாறையில் காட்டோரப் புதர்களில் எலி பிடிக்கும் வேலை, எலிகளின் காதில் சிக்கர் இருந்தது, ஊர் திரும்பி இத்தனாவது நாளில் காய்ச்சல், இந்த இடத்தில் புண். பணியில் இருந்த மருத்துவர் தாளைப் படித்துவிட்டுப் புண்ணைப் பார்த்தார், உடனே உள்நோயாளியாகச் சேர்த்து இந்த நோய்க்கான டாக்ஸிசைக்ளின் மருந்தைத் தொடங்கினார். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்ட வாய்ப்பு உண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை உடனே தொடங்க வேண்டும் என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டுதலும்.

இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டது. எலைசா முடிவு பிறகு வந்து நோயை உறுதிசெய்தது. தட்டணுக்கள் தானாக ஏறின, ரத்தம் ஏற்றும் தேவை வரவில்லை. சோர்வுதான் நீண்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மாசி பிறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். பருவத்தின் இரண்டாம் பாதி வேலைக்கு அவரை வரச்சொல்லவில்லை.

ஒரு வாரம் தாமதித்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போயிருக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார். மிகையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சிகிச்சை இல்லாத ஸ்கரப் டைபஸில் இறப்பு உண்டு, சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைத்தால் இது மலிவாகக் குணமாகும் நோய்.

மற்றவர்களை விசாரித்ததில்

நோய் உறுதியானதும் அந்தப் பருவத்தில் வேலை செய்த எல்லோரையும் அழைத்துப் பேசினோம். அப்போதுதான் பொறி சுமந்த இளைஞர் ஒருவருக்கும் மாணவிக்குச் சில நாள் முன்பே காய்ச்சல் வந்திருந்தது தெரிந்தது. தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே முதல் கேள்வியே "எங்க வேலை பார்த்தே?" என்பதுதானாம். இடுப்பில் பொருக்கைக் கண்டுபிடித்து அன்றே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சில நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "வேலைதான் முடிஞ்சிருச்சேண்ணா, சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். நியாயமான பதில். வேலை முடிந்த பிறகு காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கணிப்பு இதுதான். நோய் மலையில் எல்லோருக்கும் தெரிந்தது, அங்கே காய்ச்சல் வந்தவர் பிழைத்துக்கொண்டார். ஆபத்து, மலையைவிட்டு இறங்கியவருக்கு. கடிபட்ட நாளிலிருந்து காய்ச்சல் வர ஆறு முதல் இருபத்தொரு நாள் வரை ஆகும். அந்த இடைவெளியில் ஆள் ஊர் மாறிவிடுகிறார், அவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் கூடவே வருவதில்லை.

எங்கே கடித்திருக்கும்

இதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. மாணவியின் வீட்டுக்குப் பின்னால் வயல் இருக்கிறது. பொங்கலன்று வரப்பில் நடந்திருக்கிறார், வைக்கோல்போர் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சமவெளிக் கிராமங்களிலும் ஸ்கரப் டைபஸ் உண்டு. ஆனால் நாள் கணக்கும், அதே ஓரத்தில் வேலை செய்த இன்னொருவருக்கும் வந்ததும், எலிக் காதுகளின் நிலவரமும் காட்டோரத்தையே காட்டுகின்றன.

குழுவில் எல்லோரும் முதலில் எலியைத்தான் குறைசொன்னார்கள். இனிமேல் இரட்டைக் கையுறை, துணிப்பையை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் பேச்சு வந்தது. சிக்கரின் வாழ்க்கையைப் பார்த்தால் இது அவ்வளவு பொருந்தாது. இளம்பருவத்தில் மட்டும்தான் அது விலங்கின் மேல் ஒட்டும், பெரும்பாலும் ஒரே ஒரு முறை. வயிறு நிறைந்ததும் மண்ணில் விழுந்துவிடும். அடுத்த பருவங்களில் மண்ணிலேயே மற்றப் பூச்சிகளின் முட்டை முதலியவற்றைத் தின்று வாழும். எலியின் காதில் ஏற்கெனவே ஒட்டிவிட்டது நம் மேல் தாவுவது அரிது. நோய்க்கிருமியும் தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. எலி அவற்றுக்குச் சோறு போடும் வீடு, அவ்வளவுதான். பசியோடு புல் நுனியிலும் சருகிலும் அடுத்த விலங்குக்காகக் காத்திருப்பவைதான் நம்மைப் பிடிக்கின்றன. ஆக, கேடு கையில் இருந்த எலியில் இல்லை, உட்கார்ந்திருந்த தரையில் இருந்தது. கையுறை வேண்டாம் என்பதில்லை. எலியின் சிறுநீரில் வரும், எலிக்காய்ச்சலை (லெப்டோஸ்பைரோசிஸ்) உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிக்கு அது அவசியம். ஆனால் கையுறை போட்டுவிட்டோம் என்று புல்லில் உட்கார்ந்தால் இந்தக் காய்ச்சலுக்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்த பருவத்துக்கு எடுத்த முடிவுகள்

ஓரப் பொறி வரிசைகளையே விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஓரத்தையும் உள்காட்டையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு என்பதால் அதை ஏற்க முடியவில்லை. அளக்கும் இடத்தை மாற்றினோம். மடக்கு மேசையும் இரண்டு முக்காலியும் வாங்கி, தோட்டத்து ஜீப் பாதையில் புல் இல்லாத இடத்தில் போட்டோம். இதனால் விலங்கைப் பைக்குள் வைத்துக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, பிறகு பிடித்த இடத்துக்கே கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. எலி தாங்கும். மூஞ்சூறு தாங்காது. சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே துவண்டுபோகிற உடம்பு அதற்கு. அதனால் மூஞ்சூறு மாட்டினால் மட்டும் பொறி இருக்கும் இடத்திலேயே, நின்றபடி, எடை மட்டும் பார்த்து விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். மூஞ்சூறுகளின் வால் நீளமும் கால் நீளமும் எங்கள் தரவில் இனி இருக்காது. மாணவர்களில் ஒருவருக்கு இது இன்றும் வருத்தம்.

அட்டை சாக்ஸ் இப்போது பருவம் முழுக்க, மார்ச் வெயிலிலும் உண்டு. பேன்ட்டும் சட்டையும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தில் நனைத்துக் காயவைத்தவை. கணுக்காலிலும் இடுப்பிலும் டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பு. காலை வேலை முடிந்ததும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடையை அப்படியே ஊறவைத்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் சிக்கர் கடியை ஆழமாக்கும் முன்பே பெரும்பாலும் இதில் போய்விடும். குளிக்க விறகு அடுப்பில் வெந்நீர் வைக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதற்கும் கூலி ஒதுக்கினோம். இதைச் செலவாகப் பார்த்து வெட்டிவிட்டால் குளிரில் யாரும் குளிக்க மாட்டார்கள். முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் சாப்பிடலாமா என்றும் கேட்டோம். எங்கள் வேலைக்கு அது தேவையில்லை, காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதால் விட்டுவிட்டோம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு அட்டை. ஏடிஎம் கார்டு அளவு. தமிழில் ஒரு பக்கம்: நான் காட்டோரத்தில் எலி ஆய்வு வேலை செய்தவர், கடைசியாக இந்தத் தேதி வரை. அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஸ்கரப் டைபஸ், லெப்டோஸ்பைரோசிஸ் இரண்டையும் யோசியுங்கள், உடம்பில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று முழுதும் பாருங்கள். மறுபக்கம் அதே விஷயம் மருத்துவர் மொழியில், அழைக்க வேண்டிய எண்ணுடன். மலை இறங்கும் நாளில் தேதியை நிரப்பிக் கையில் கொடுக்கிறோம். வீட்டில் ஒருவருக்கும் படித்துக்காட்டச் சொல்கிறோம். அப்புறம் மூன்று வாரத்துக்கு மூத்த கள உதவியாளர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விசாரிக்கிறார். அது இப்போது அவருடைய வேலையில் ஒரு பகுதி, அதற்குத் தனியாகச் சம்பளமும் உண்டு.

பின்தொடர்ந்தது

அடுத்த பருவத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. கோவையில் ஒரு விடுதியில் இருந்தவர், முதல் நாளே அட்டையோடு மருத்துவமனைக்குப் போனார். பொருக்கு எதுவும் இல்லை, பரிசோதனையில் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று முடிந்தது. இரண்டு நாள் அலைச்சல்தான், அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. யாருக்கும் ஸ்கரப் டைபஸ் வராதது புது ஏற்பாடுகளாலா, அந்த வருடம் ஓரப் புல்லைத் தோட்டத்தில் வெட்டிவிட்டதாலா என்பதைப் பிரித்துச் சொல்ல இந்த ஒரு பருவம் போதாது. எலிக் காதுகளில் சிக்கர் குறையவில்லை.

நோயுற்ற மாணவி வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒட்டுண்ணிக் கட்டத்தை ஒரு தனி அத்தியாயமாக விரித்து எழுதுகிறார். சிக்கர் மாதிரிகளைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கான அனுமதிக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.

முடியாமல் இருப்பது கூலி விஷயம். மாணவிக்கு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு இருந்தது, உதவித்தொகையும் நிற்கவில்லை. பொறி சுமந்த இளைஞருக்குக் காய்ச்சலில் கிடந்த நாட்களுக்கு வேறு வேலைக்கும் போக முடியாமல் கூலி போனது. பருவம் முடிந்து மூன்று வாரத்துக்குள் நோய் வந்தால் தினக்கூலிக்காரருக்கும் நாட்கூலியும் மருந்துச் செலவும் தரும் பிரிவு ஒன்றை அடுத்த நிதிக் கோரிக்கையில் சேர்த்திருக்கிறோம். வேலை முடிந்த தேதிக்குப் பிந்தைய செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று கணக்குப் பிரிவு கேட்டிருக்கிறது. அதுவரை அந்த இளைஞருக்குத் தந்தது குழுவில் எல்லோரும் போட்டுக்கொண்ட பணம்.